ஒதெல்லோவைக் காதால் படித்தால்



போன தவணையில் ஒரு நாள், வகுப்பு முடிந்ததும் உயர்நிலை நான்கு மாணவி ஒருத்தி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தமிழ்ப் பாடத்தில் சந்தேகமாக்கும் என்று நினைத்தேன். இல்லை. "டீச்சர், ஒதெல்லோவுக்கு ஸ்லாங் உண்டா?" என்று கேட்டாள்.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. ஆங்கில இலக்கிய வகுப்பில் நாடகத்தை ஆளுக்கொரு பாத்திரமாக எடுத்து வாசித்திருக்கிறார்கள். ஒதெல்லோ கிடைத்த பையன் குரலைத் தடித்ததாக்கி, சொற்களை உடைத்து உடைத்து வாசித்திருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. இவளும் சிரித்திருக்கிறாள். வீட்டுக்குப் போன பிறகுதான் உறுத்தியிருக்கிறது. "அப்படி வாசிக்கணும்னு புத்தகத்துல எங்கயாவது இருக்கா டீச்சர்?"

எனக்கு அப்போது உடனே பதில் தெரியவில்லை. வார இறுதியில் நாடகத்தை எடுத்து மறுபடி படித்தேன், இந்தத் தடவை வாய்விட்டு. பதில்: இல்லை. ஒரு வரியில்கூட இல்லை. அந்த 'இல்லை'க்குள் இருக்கும் விஷயத்தைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். தமிழாசிரியர் ஏட்டில் ஷேக்ஸ்பியருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகளில் பலர் இரண்டு இலக்கியமும் எழுதுகிறார்கள். தவிர, ஒதெல்லோ நமக்கு அப்படியொன்றும் அந்நியன் இல்லை. 'இரத்தத் திலகம்' (1963) படத்தில் சிவாஜி கணேசன் ஒதெல்லோவாகவும் சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் வரும் மேடைக் காட்சி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

16, 17ஆம் நூற்றாண்டு இலக்கியத்தில் 'இனமும் ஒலியும்' என்பது இப்போது பல்கலைக்கழகங்களில் இளம் ஆய்வாளர்கள் விரும்பி எடுக்கும் தலைப்பு. முதலில் ஆய்வு கண் வழியாகத்தான் போனது. கிம் ஹால் 1995இல் எழுதிய நூல், அந்தக் கால ஆங்கில எழுத்தில் கறுப்பு, வெளுப்பு, அழகு என்ற சொற்கள் இனத்தைப் பற்றிய பேச்சாக எப்படி வேலை செய்தன என்று காட்டியது. புரூஸ் ஸ்மித் 1999இல் வேறு பக்கம் திரும்பி, அந்தக் கால இங்கிலாந்து காதுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டார்: மணியோசை, சந்தை இரைச்சல், மரத்தால் கட்டிய நாடக அரங்கில் குரல் சுழலும் விதம். இரண்டு பாதையும் பிறகு சேர்ந்தன. நோயமி ந்டியாய் 2022இல் வெளியிட்ட நூல் இங்கிலாந்து, பிரான்சு, ஸ்பெயின் மேடைகளை எடுத்துக்கொண்டு, கறுப்பரை நடித்துக்காட்ட மூன்று வழிகள் இருந்தன என்கிறது: முகத்தில் பூசும் சாயம், வாயில் போடும் ஒரு கோணல் பேச்சு, உடலில் ஆடும் ஒரு வகை ஆட்டம். ஸ்பானிய நாடகங்களில் அந்தக் கோணல் பேச்சுக்கு ஒரு தனிப் பெயரே இருந்தது.

நம் மாணவன் வகுப்பில் செய்தது அந்த இரண்டாவது வழி. பாவம், அவனுக்கு நானூறு வருஷத்து மேடைப் பழக்கம் எதுவும் தெரியாது. எங்கேயோ கேட்டது அவன் வாயில் வந்துவிட்டது.

இப்போது ஷேக்ஸ்பியரிடம் வருவோம். அவருக்கு உச்சரிப்பை எழுத்தில் காட்டத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் வேல்ஸ் நாட்டுக்காரன் ஃபுளூவெலன் வருகிறான். 'பி' என்ற மெல்லிய ஒலி வரவேண்டிய இடத்தில் அவனுக்கு வல்லொலிதான் வரும். அதனால் மாவீரன் அலெக்சாண்டரை 'பெரியவன்' என்று சொல்லப்போய்ப் 'பன்றி' என்று சொல்லிவிடுகிறான். (தமிழில் எழுதினால் இந்த நகைச்சுவையே காணாமல் போய்விடும். நமக்கு இரண்டு ஒலிக்கும் ஒரே 'ப'தான்!) அதே நாடகத்தில் அயர்லாந்துக்காரன் ஒருவன், ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன். இருவர் பேச்சும் எழுத்துக்கூட்டலிலேயே கோணலாக அச்சாகியிருக்கிறது. இன்னொரு நகைச்சுவை நாடகத்தில் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் ஆங்கிலத்தைக் கடித்துத் துப்புகிறார்.

ஆக, பக்கத்து நாட்டுக்காரர்களுக்கெல்லாம் எழுத்திலேயே 'ஸ்லாங்' கொடுத்தவர், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒதெல்லோவுக்குக் கொடுக்கவில்லை. 'டைட்டஸ்' நாடகத்தின் ஏரனுக்கும் கொடுக்கவில்லை. ஏரன் முதல் அங்கத்தில் மேடையில் இருந்தும் ஒரு சொல் பேசாமல் நிற்கிறான். இரண்டாம் அங்கத்தில் தனியாக வாய் திறக்கும்போது முழு அலங்காரக் கவிதையாகக் கொட்டுகிறான். 'புயல்' நாடகத்தின் கேலிபனோ, தீவின் ஓசைகளைப் பற்றி அந்த நாடகத்திலேயே மிக இனிமையான சில வரிகளைப் பேசுகிறான். அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இரண்டு குடிகாரர்கள்.

இதை வைத்து 'ஷேக்ஸ்பியர் இனவாதத்துக்கு எதிரானவர்' என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். அது அவசரம். ஒதெல்லோவை முதலில் நடித்தவர் ரிச்சர்ட் பர்பேஜ் என்ற வெள்ளைக்காரர், முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு. நான் சொல்வது இவ்வளவுதான்: ஒதெல்லோவின் வாயில் கோணல் இல்லை. அப்படியானால் அது எங்கே இருக்கிறது? முதல் காட்சியைக் கேட்டுப் பாருங்க.

கவனியுங்கள், 'கேட்டு' என்றேன். வெனிஸ் நகரத் தெரு. நள்ளிரவு. ஆனால் குளோப் போன்ற திறந்த அரங்கில் நாடகம் பகல் வெளிச்சத்தில் நடக்கும். இருட்டை விளக்கை அணைத்துக் கொண்டுவர முடியாது. கையில் பந்தம், மாடி ஜன்னலில் தூக்க உடையோடு ஒரு கிழவர், கீழே கூச்சல் என்று ஓசையாலும் சில பொருள்களாலும்தான் இரவைக் கட்ட வேண்டும். இயாகோவும் ரொடெரிகோவும் பிரபான்சியோவின் வீட்டுக்குக் கீழே நின்று கத்துகிறார்கள். எந்தத் தொனியில் கத்தவேண்டும் என்றுகூட இயாகோ ரொடெரிகோவுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்: ஊரில் தீப்பிடித்தால் எப்படி அலறுவார்களோ அப்படி. குரல் பயிற்சி வகுப்பே நடக்கிறது!

ஒதெல்லோ அந்தக் காட்சியில் இல்லை. அவன் பெயர்கூட இல்லை. 'மூர்' என்கிறார்கள், உதட்டைச் சொல்லி இகழ்கிறார்கள், விலங்குகளாக்குகிறார்கள். 'ஒதெல்லோ' என்ற பெயரை முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் வெனிஸின் தலைவர் சொல்லும்போதுதான் நாம் முதன்முதலாகக் கேட்கிறோம். அதற்குள் நம் காதில் நிறையச் சத்தம் ஏறிவிட்டது.

அந்தச் சத்தத்தில் எனக்கு மிகவும் உறைத்தது குதிரை. பிரபான்சியோவின் மகளோடு இருப்பது ஒரு வட ஆப்பிரிக்கக் குதிரை என்கிறான் இயாகோ. அதோடு நிறுத்தவில்லை. உன் பேரப்பிள்ளைகள் உன்னைப் பார்த்துக் கனைப்பார்கள் என்கிறான். இன்னும் பிறக்காத குழந்தைகள். அவர்கள் எந்த நிறத்தில் இருப்பார்கள் என்று சொல்லிப் பயமுறுத்தவில்லை. அவர்கள் வாயிலிருந்து மனிதப் பேச்சு வராது என்று சொல்லிப் பயமுறுத்துகிறான். ஒரு தாத்தாவின் காதைக் குறிவைத்த வசவு அது.

காட்டுமிராண்டி என்ற பொருளில் ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'பார்பேரியன்' என்ற சொல்லும் காதில் பிறந்ததுதான். தங்கள் மொழி பேசாதவர்களின் பேச்சு கிரேக்கர்களுக்கு 'பர் பர்' என்று கேட்டதாம். வட ஆப்பிரிக்காவைக் குறித்த 'பார்பரி' என்ற பெயர் ஆங்கிலக் காதில் இதோடு ஒட்டிக்கொண்டே ஒலித்தது. நமக்கும் இதில் பங்கு உண்டு. 'மிலேச்சர்' என்ற வடசொல் தெளிவில்லாமல் பேசுவது என்ற வேரிலிருந்து வந்தது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறைக்குள் காவல் நிற்கும் மிலேச்சரை நினைவிருக்கிறதா? நாவைப் பயன்படுத்தாமல் சைகையால் தெரிவிப்பவர்கள் என்று நப்பூதனார் காட்டுகிறார். அவர்களுக்கு ஊரில் தாய்மொழி இல்லாமலா இருந்திருக்கும்? கேட்டவர் காதுக்கு அது பேச்சாக எட்டவில்லை. முல்லைப்பாட்டை நடத்தும்போது இந்த இடத்தை நானும் பல வருடம் 'அயல்நாட்டுக் காவலர்' என்று ஒரு வார்த்தையில் கடந்துபோனவள்தான்.

சரி, ஒதெல்லோவுக்குத் திரும்புவோம். மகளை மந்திரம் போட்டு மயக்கிவிட்டான் என்று பிரபான்சியோ சபையில் குற்றம்சாட்ட, ஒதெல்லோ பேச எழுகிறான். தன் பேச்சு முரட்டுப் பேச்சு என்று முதலில் ஒப்புக்கொள்கிறான். காரணமும் சொல்கிறான்: ஏழு வயதிலிருந்து போர்க்களம், கூடாரம், அதனால் நயமான பேச்சு பழகவில்லை. சொல்லிவிட்டு, நாடகத்திலேயே நயமான பேச்சைப் பேசுகிறான்! மந்திரம் எதுவும் இல்லை, என் கதையைச் சொன்னேன், அவள் காது கொடுத்துக் கேட்டாள், அதுதான் நான் செய்த மந்திரம் என்கிறான். இப்படி ஒரு கதை என் மகளையும் வென்றுவிடும் என்று தலைவரே சொல்லிவிடுகிறார். வில்சன் நைட் என்ற விமர்சகர் 1930இல் ஒதெல்லோவின் பேச்சோசையைப் பற்றி மட்டும் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அந்தப் பேச்சை ஓர் இசை என்றே பெயரிட்டார்.

இப்போது மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. மாணவர்களே, இந்த இடத்தில் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். இயாகோ சந்தேகத்தை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான். ஒதெல்லோ தனியாக நின்று, மனைவி தன்னைவிட்டுப் போக என்ன காரணம் இருக்கும் என்று யோசிக்கிறான். முதலில் அவனுக்குத் தோன்றும் காரணம்: நான் கறுப்பன், அரண்மனைக்காரர்களைப் போல மென்மையாக உரையாடும் திறமை எனக்கு இல்லை. நிறமும் பேச்சும் ஒரே மூச்சில், ஒரே வாக்கியத்தில்.

முன்பு சபையில் பேச்சில் குறை என்றான், காரணம் போர்க்களம். இங்கே அதே குறை, ஆனால் காரணம் மாறிவிட்டது. நிறத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இடையில் அவன் பேச்சு மாறவில்லை. மாறியது அவன் காது. வெனிஸ் நகரம் அவனைக் கேட்ட விதத்தில் அவன் தன்னையே கேட்கத் தொடங்கிவிட்டான். இயாகோவின் வெற்றி கைக்குட்டையில் இருக்கிறது என்று எல்லா வழிகாட்டி நூல்களும் எழுதும். என் கணிப்பில் கைக்குட்டை பிறகு வருகிறது. வெற்றி இந்த வாக்கியத்திலேயே முடிந்துவிட்டது.

அதன் பிறகு ஒலியாக என்னென்ன உதிர்கிறது என்று கேளுங்கள். சற்றுக் கழித்து ஒதெல்லோ தன் வாழ்க்கைக்கு விடைகொடுக்கிறான். எதற்கெல்லாம் விடை? முரசு, ஊதுகுழல், எக்காளம், பீரங்கி முழக்கம், கனைக்கும் போர்க்குதிரை. கனைப்பு! முதல் காட்சியில் அவன் பிள்ளைகளுக்கு வசவாக வந்த அதே ஓசை, அவன் வாயில் வீரத்தின் ஓசையாக இருக்கிறது. அதை இழக்கும் நேரத்தில்தான் நமக்கு அது தெரியவருகிறது. நான்காம் அங்கத்தில் பேச்சே உடைகிறது. கவிதை போய் உரைநடை, உரைநடை போய்த் துண்டுச் சொற்கள், பிறகு மயக்கம். வகுப்பில் அந்தப் பையன் முதல் வரியிலிருந்தே வாசித்த உடைந்த பேச்சு இங்கேதான் வரவேண்டும். பிறவியிலிருந்து வந்ததாக அல்ல, இயாகோ உடைத்ததாக. ஆரம்பத்திலேயே உடைத்து வாசித்தால், என்ன உடைந்தது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு சேதி. 1604 நவம்பர் 1ஆம் தேதி இந்த நாடகம் லண்டன் ஒயிட்ஹால் அரண்மனையில் அரசர் முன் நடந்தது. இரண்டு மாதம் கழித்து, 1605 ஜனவரி 6ஆம் தேதி, அதே அரண்மனையில் பென் ஜான்சன் எழுதிய 'கருமை' பற்றிய கூத்து ஒன்று நடந்தது. அரசி ஆனும் சீமாட்டிகளும் முகத்திலும் கையிலும் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஆப்பிரிக்கப் பெண்களாக வந்தார்கள். ஆடினார்கள். பேச்சுப் பகுதி அவர்களுக்கு இல்லை. ஒரே அரண்மனையில், ஒரே குளிர்காலத்தில் இரண்டு சாயம் பூசிய முகங்கள். ஒன்று பேசியது, ஒன்று பேசவில்லை.

காது தானாகக் கேட்பதில்லை, கண் சொல்லிக்கொடுத்துக் கேட்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கசப்பான சான்று ஐரா ஆல்ட்ரிட்ஜ். 1807இல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பின நடிகர். இங்கிலாந்துக்குப் போய் மேடையேறினார். 1825இல் லண்டன் நாளிதழ் ஒன்று, அவர் உதட்டின் வடிவத்தால் அவரால் ஆங்கிலத்தைச் சரியாக உச்சரிக்கவே முடியாது என்று எழுதியது. மீண்டும் படியுங்கள்: எந்தச் சொல்லைத் தவறாகச் சொன்னார் என்பது அங்கே பேச்சில்லை. உதட்டைப் பார்த்து உச்சரிப்பைத் தீர்மானித்துவிட்டார்கள். அதே உதட்டைத்தான் ரொடெரிகோவும் முதல் காட்சியில் சொல்லித் திட்டினான். 1833இல் எட்மண்ட் கீன் மேடையிலேயே சரிந்து விழுந்த பிறகு, கோவென்ட் கார்டன் அரங்கில் ஆல்ட்ரிட்ஜ் ஒதெல்லோவாக நின்றார். ஜெனிஃபர் ஸ்டோவர் என்ற ஆய்வாளர் 2016இல் அமெரிக்க வரலாற்றை வைத்து எழுதிய நூல், நிறத்துக்கு ஓர் எல்லைக்கோடு இருப்பதுபோல ஓசைக்கும் ஒன்று இருக்கிறது என்று வாதிடுகிறது. ஆல்ட்ரிட்ஜைப் படித்த பிறகு அதை விளங்கிக்கொள்ள எனக்குச் சிரமமே இல்லை.

ஆசிரியர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். முன்பு வேலை செய்த இடத்தில், வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சியில் ஒரு மாணவன் இருந்தான். அம்மா தமிழர், அப்பா சீனர், பையன் அப்பா சாயல். நன்றாகப் பேசினான். அவன் தாளில் 'உச்சரிப்பில் கூடுதல் கவனம் தேவை' என்று எழுதினேன். சில நாள் கழித்து, வேறு வேலைக்காக எல்லார் ஒலிப்பதிவையும் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். இரண்டு இடத்தில் 'ள' போய் 'ல' வந்திருந்தது, உண்மைதான். ஆனால் அதே வகுப்பில் ஒன்பது பிள்ளைகளுக்கு அதே 'ள' போயிருந்தது. அந்த ஒன்பது தாளில் ஒன்றிலும் நான் அப்படி எழுதவில்லை. அவனுடைய ழகரம் என்னுடையதைவிடச் சுத்தம். தாளைத் திருத்திக் கொடுத்தேன். "பரவாயில்ல டீச்சர், எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றான்.

தேர்வு எழுதுபவர்களுக்கு: 'ஒதெல்லோ கறுப்பன், ஆகவே வெனிஸ் மக்கள் வெறுத்தார்கள்' என்ற பத்தியை எல்லாரும் எழுதுவார்கள். அதற்குப் பதிலாக, முதல் அங்கம் மூன்றாம் காட்சியையும் மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தன் பேச்சைப் பற்றி அவன் என்ன சொல்கிறான், காரணம் எப்படி மாறுகிறது என்று எழுதிப் பாருங்கள். வாதமும் சான்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். நேரம் இருந்தால் கனைப்பைச் சேருங்கள். அரங்கு, அரண்மனை, ஆல்ட்ரிட்ஜ் இதெல்லாம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். மதிப்பெண் நாடகத்தின் சொற்களில்தான் இருக்கிறது. தமிழ் நாடகப் பாடத்துக்கும் இதே வழி உதவும். ஒரு பாத்திரம் மேடைக்கு வருமுன் அதைப் பற்றி யார், எந்தத் தொனியில் பேசினார்கள் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பாத்திரப் படைப்புக் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கும்.

அந்த மாணவியிடம் நான் கண்டதைச் சொன்னேன். நாடகத்தை முழுதாகப் படித்துவிட்டு அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோடு வந்தாள். நான்காம் அங்கத்தின் கடைசியில், இறப்பதற்குச் சற்று முன், டெஸ்டிமோனா ஒரு பாட்டுப் பாடுகிறாள். அது அவள் அம்மாவிடம் வேலை செய்த ஒரு பெண்ணின் பாட்டு. காதலன் கைவிட, அந்தப் பெண் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே இறந்தாளாம். அவள் பெயர் பார்பரி. "அந்தக் குதிரைக்குச் சொன்ன பேர்தானே டீச்சர் இது? அப்போ அவங்க ஆப்பிரிக்காக்காரங்களா?"

நாடகம் சொல்லவில்லை. ஒரு பெயர், ஒரு பாட்டு, அவ்வளவுதான் தருகிறது. ஆப்பிரிக்கப் பெண் என்று வாசிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. 'பார்பரா' என்ற பெயரின் பேச்சு வடிவம்தான் என்றும் வாசிக்கலாம். நான் முதல் பக்கம்தான் சாய்கிறேன். முதல் காட்சியில் வசவாகக் கேட்ட பெயர், கடைசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் துக்கத்துக்கு வேறு பாட்டுக் கிடைக்காமல் கடன் வாங்கும் பாட்டின் பெயராக வருவது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. எமிலியாவும் சாகும்போது அதே பாட்டைத்தான் முணுமுணுக்கிறாள். ஒன்று மட்டும் கவனம்: 1622இல் தனியாக அச்சான பதிப்பில் இந்தப் பாட்டு இல்லை, 1623 தொகுப்பில்தான் இருக்கிறது. உங்கள் பள்ளிப் பதிப்பின் முன்னுரையில் எந்தப் பதிப்பைப் பின்பற்றினோம் என்று போட்டிருப்பார்கள்; பாட்டைப் பற்றி எழுதுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.